நம் சைக்கிள், வெளியார் கையில்



நம் வீடுகளின் பின்கட்டில் சும்மா கிடக்கும் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதை முன்பின் தெரியாத ஒருவருக்கு வாடகைக்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் எந்த முறையில் கொடுப்பது, அதனால் குடும்பத்துக்கு ஏதாவது வருமா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். சைக்கிள் யாருடையது என்று எடுத்துப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொடுக்கும் வீடுகள் ஒன்றாகச் சேர்ந்து கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஆசைப்பட்டு இறங்கினால் சைக்கிளும் போகும், மனக்கசப்பும் மிஞ்சும்.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூருக்கு வருவது எளிதாகிவிட்டது. சனி, ஞாயிறு என்றால் பாசிர் பெனம்பாங் கடல் உணவுக் கடைகளின் முன் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. வருகிறவர்கள் மதியம் சாப்பிடுகிறார்கள், புக்கிட் மெலாவத்தி ஏறி வெள்ளிநிற இலைக்குரங்குகளைப் பார்க்கிறார்கள், 1784இல் டச்சுக்காரர் பிடித்த கோட்டையின் பழைய பீரங்கிகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு? அவர்கள் பார்க்க வந்த முக்கியமான காட்சி இருட்டிய பிறகுதான் தொடங்கும். கம்போங் குவாந்தானில் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்ன, பொழுது சாய வேண்டும். பிற்பகல் மூன்று மணியிலிருந்து இருட்டும் வரை அந்தக் குடும்பங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. குழந்தைகள் காரில் தூங்குகிறார்கள், பெரியவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் நுழைய வேண்டிய நேரம் அந்தப் பிற்பகல்தான்.

நம் நிலமும் சைக்கிளுக்கென்றே அமைந்தது. மலை என்று சொல்ல மெலாவத்தி ஒன்றுதான் இருக்கிறது. தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சான், சுங்கை பெசார் வழியாக சபாக் பெர்ணம் பக்கம் போகும் நெல்வயல் பரப்பு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளம், ஐந்து கிலோமீட்டர் அகலம். ஆண்டுக்கு இருபோகம். வாய்க்கால்கள் நேர்க்கோட்டில் போகின்றன, அவற்றை ஒட்டிய வழிகளும் அப்படியே. செகிஞ்சானில் இதைக் கண்டுகொண்டவர்கள் ஏற்கெனவே வாடகைக்கு சைக்கிள் வைத்திருக்கிறார்கள். தெற்கே, ஆற்றங்கரையில், செம்பனைக் காட்டுப் பக்கத்தில் நம் மக்கள் இருக்கும் இடங்களில்தான் அது இல்லை.

வீட்டில் சைக்கிள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்கு வீட்டுக்கும் வந்தபோது பலவற்றை விட்டுவிட்டு வந்தோம், சைக்கிளை விடவில்லை. தாத்தாவின் ராலே இருக்கும். பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது வாங்கிய கியர் சைக்கிள் இருக்கும். அண்ணன் மோட்டார் சைக்கிள் வாங்கியதும் மூலையில் சாத்திய ஒன்று இருக்கும். காற்று இறங்கி, சங்கிலி துருப்பிடித்து, அதன் மேல் துணி காய்கிறது. விற்கவும் மனம் வருவதில்லை.

ஏன் மனம் வருவதில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம் இளைஞர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சற்று நின்று சொல்கிறேன்.

தோட்டத்தில் எது நமக்குச் சொந்தமாக இருந்தது? லயத்து வீடு கம்பெனியுடையது. பால் வெட்டிய ரப்பர் மரம் கம்பெனியுடையது. வீட்டுக்குப் பின்னால் போட்ட காய்கறிப் பாத்திகூட நிர்வாகம் சம்மதிக்கும் வரைதான். வேலை போனால் வீடும் போகும். இது பழைய கதை இல்லை. நம் வட சிலாங்கூரிலேயே மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீடு கேட்டுப் பல்லாண்டுக் காலம் போராட வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் கையில் ஒரு துண்டு நிலம் இல்லை. அப்படிப்பட்ட வாழ்க்கையில், சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தொழிலாளி தன் பெயரில் வாங்கிய முதல் பெரிய பொருள் அநேகமாக ஒரு சைக்கிளாக இருந்தது. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக, ரப்பர் பால் வாளியை இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வர, சம்பள நாளில் பட்டணத்துக்குப் போக, பிரசவ வலி என்றால் ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லி அனுப்ப, எல்லாவற்றுக்கும் அதுதான்.

அந்த சைக்கிளின் மேல் உட்கார்ந்திருக்கவும் ஒரு காலத்தில் உரிமை கேட்க வேண்டியிருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் எழுந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்னின்றது, பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் அதில் முக்கியமானவர். சங்கம் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி இருந்தது, பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது, பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது இருந்தது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைமாரோ மற்ற அதிகாரிகளோ எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சோற்றுக்கும் கூலிக்கும் நடந்த போராட்டத்தில் இதையும் எழுதி வைத்தார்கள் என்றால் அந்த அவமானம் அவர்களை எவ்வளவு சுட்டிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் பால் வெட்டப் போகும் அவசரத்தில், தன் காசில் வாங்கிய வண்டியை விட்டு இறங்கி, ஓரமாக நின்று, துரையின் கார் தூசி கிளப்பிப் போன பிறகு மறுபடி ஏற வேண்டும். அந்த வேலைநிறுத்தத்தை அரசு துருப்புகளைக் கொண்டு அடக்கியது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையும் அந்த உயிர்களின் கணக்கில் சேரும்.

அதற்கு அடுத்த சில மாதங்களில் ஜப்பானியர் வந்தார்கள். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய படை 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைப் பிடித்தது. அவ்வளவு வேகமாக அவர்கள் தெற்கே வந்ததில் சைக்கிளுக்குப் பெரிய பங்கு உண்டு. ரப்பர் காட்டுக்குள் இருந்த வழிகள் அவர்களுக்குப் பாதைகளாயின. டயர் போனால் வெறும் வளையத்தில் ஓட்டினார்கள். கொண்டு வந்த சைக்கிள்கள் போதாமல் மலாயா மக்களின் வீடுகளில் இருந்தவற்றையும் பிடுங்கினார்கள். ஜனவரி தொடக்கத்தில் நம் கோல சிலாங்கூர்க் கடலோரத்திலேயே படகுகளில் வந்து இறங்க முயன்றவர்கள் அவர்கள். முன்பின் தெரியாதவன் கையில் நம் சைக்கிள் போவது என்றால் அன்று அதற்குப் பொருள் அதுதான்: திரும்பி வராது.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், பாட்டி ஒருத்தி "வெளியாளுக்கு சைக்கிளைக் கொடுக்காதேடா" என்று சொன்னால் அது வெறும் கஞ்சத்தனம் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கக் கூடாது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு இருந்தால்தான் இந்தத் தொழில் நிற்கும்.

அந்த ஏற்பாட்டை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் வாடகை சைக்கிள் கடை இருந்த காலம் ஒன்று உண்டு. 1980களின் கோடை விடுமுறையில் மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்து ஓட்டப் பழகும் ஒரு சிறுவனின் கதையை வைத்து, ராசி அழகப்பனின் சிறுகதையைத் தழுவி, 2024இல் கமலக்கண்ணன் 'குரங்கு பெடல்' என்ற படத்தையே எடுத்தார். அந்தக் கடைகள் எப்படி நடந்தன? ஒவ்வொரு சைக்கிளின் மட்கார்டிலும் பெயின்ட்டில் ஒரு எண். மேசை மேல் ஒரு நீளமான நோட்டு. எடுத்த நேரம், எண், பெயர், யார் வீட்டுப் பிள்ளை. பெரும்பாலும் பின் கேரியரைக் கழற்றி வைத்திருப்பார்கள், இரண்டாவது ஆளை ஏற்றி வளையத்தைக் கோணலாக்கிவிடக் கூடாது என்று. புதிய முகம் என்றால் தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். கடைக்காரர் சைக்கிளை வாங்கும்போது முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்பார். கோணல் இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

இங்கே மலாயாவில் உள்ளூராட்சி சைக்கிளுக்கு லைசென்ஸ் கொடுத்துத் தகரத் தட்டு மாட்டிய காலமும் இருந்தது. எங்கள் தோட்டத்துக்கு அருகே பட்டணத்தில் இருந்த சீனர் கடையில் தோட்டத்துப் பிள்ளைகள் சைக்கிள் எடுப்பார்கள். கடை முதலாளியான அந்தத் தவுக்கேக்குத் தமிழ் தெரியும். எந்தத் தோட்டம், எந்த லயம், அப்பாவுக்குப் பால் வெட்டா கிராணி வேலையா, இவ்வளவும் கேட்பார். முன்பணம் என்று ஒரு காசு வாங்கியதில்லை. அவருக்குப் பிணை அந்தப் பதில்தான். பையன் சைக்கிளை எங்காவது போட்டுவிட்டு ஓடினால் சம்பள நாளில் அப்பாவைப் பிடித்துவிடலாம்.

இன்று வருகிறவர் செராஸிலிருந்தோ பெட்டாலிங் ஜெயாவிலிருந்தோ வருகிறார். எந்த லயம் என்று அவரைக் கேட்க முடியாது. நம் முன் இருக்கும் கேள்வி இது ஒன்றுதான்: பழக்கம் செய்துவந்த காவல் வேலையை இனி எது செய்யும்?

உலகத்தில் பலர் இதற்கு விடை தேடினார்கள். 1965இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் புரோவோ என்ற இளைஞர் குழு சைக்கிள்களுக்கு வெள்ளை பெயின்ட் அடித்துத் தெருவில் வைத்தது. பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், போன இடத்தில் விடலாம். பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது சட்டப்படி குற்றம் என்று காவல்துறை அவற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எண்ணம் பெரிய எண்ணம்தான், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் காவல் வேலையை எது செய்யும் என்ற நம் கேள்விக்கு அதில் விடை இல்லை.

நம் நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். 2017இல் ஓபைக் என்ற நிறுவனம் மஞ்சள் சைக்கிள்களை நம் நகரங்களில் கொண்டுவந்து நிறைத்தது. கைப்பேசியில் செயலி, முன்வைப்புத் தொகை, எங்கு வேண்டுமானாலும் எடுத்து எங்கு வேண்டுமானாலும் விடலாம். சிறிது காலத்தில் அவை சாக்கடையில் கிடந்தன, ஆற்றில் கிடந்தன, சக்கரம் இல்லாமல் மரத்தடியில் கிடந்தன. 2018 ஜூனில் சிங்கப்பூரில் அந்த நிறுவனம் கடையை மூடியது. முன்வைப்புத் தொகை கட்டியவர்கள் தங்கள் பணத்துக்கு அலைந்தார்கள். மக்களுக்குப் பொறுப்பில்லை என்று அப்போது பலரும் பேசினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த சைக்கிளுக்குப் பின்னால் ஒரு முகம் இல்லை. அது பஞ்சரானால் வருந்தும் ஆள் யார் என்று ஓட்டியவருக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்கும்போது "நல்லா ஓடிச்சா அண்ணே?" என்று கேட்க ஒருவர் அங்கே நிற்கவில்லை. நம் வீட்டு சைக்கிளை மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகப் பக்கத்து வீட்டுப் பையன் இரவல் வாங்கினால் துடைத்துக் கொண்டுவந்து விடுகிறான். அவனும் மனிதன்தான், ஓபைக்கைச் சாக்கடையில் தள்ளியவனும் மனிதன்தான். வேறுபாடு, சொந்தக்காரர் கண்ணுக்குத் தெரிவதில் இருக்கிறது.

அமெரிக்காவில் வேறொரு முயற்சி நடந்தது. ஸ்பின்லிஸ்டர் என்ற சேவை, தனி மனிதர்கள் தங்கள் சொந்த சைக்கிளை வெளியூரிலிருந்து வரும் அந்நியருக்கு வாடகைக்கு விட வழி செய்தது. நாம் இன்று பேசும் விஷயம் அதுவேதான். சைக்கிளின் படம், உயரம், வாடகை, கொடுப்பவர் பெயர், எடுத்தவர்கள் சொன்ன கருத்து எல்லாம் அதில் இருக்கும். வருபவர் வீட்டு வாசலுக்கே வந்து சைக்கிளை வாங்கிக்கொள்வார், இருவரும் முகம் பார்த்துப் பேசுவார்கள். இந்த முறை மனிதருக்குப் பொருந்தியது. ஆனாலும் 2018இல் அந்தச் சேவை நின்றுபோனது, பிறகுதான் மீண்டும் தொடங்கப்பட்டது. நடுவில் இருக்கும் நிறுவனம் எங்கோ தூரத்தில் இருந்தால், அது நிற்கும் நாளில் நம் தொழிலும் நின்றுவிடும். ஆகவே நடுவில் இருக்கும் அமைப்பும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

நம்மால் அப்படி ஓர் அமைப்பை நடத்த முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 1960 மே மாதத்தில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். வேலையும் வீடும் ஒன்றாகப் போகும் நிலையில் இருந்த தொழிலாளர்களிடம் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து பத்து வெள்ளியாகக் கேட்டார். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கின. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர் பலர் அதில் பங்குதாரர்கள். தோட்டத்தையே வாங்கி நடத்திய மக்களுக்கு, இருபது சைக்கிளை வைத்து ஒரு கூட்டுறவு நடத்தத் தெரியாதா?

இனி நடைமுறைக்கு வருகிறேன். தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் நோட்டு உங்கள் கையில்தான் இருக்கப் போகிறது.

சைக்கிள் வீட்டுக்காரருடையதாகவே இருக்கும். சங்கம் அதை வாங்காது. ஒவ்வொன்றிலும் எண்ணும், சொந்தக்காரர் பெயரும் எழுதியிருக்க வேண்டும். "இது முனியம்மா பாட்டி வீட்டு சைக்கிள்" என்று எழுதியே மாட்டுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். காணாமல் போனால் காவல் நிலையத்தில் சொல்ல அதுதான் ஆதாரம். ஒரே இடத்தில் கொடுக்கவும் வாங்கவும் வேண்டும். கோயில் மண்டபத்து ஓரமோ, ஒட்டுக்கடை ஒன்றின் பக்கமோ போதும். மணிக்கு ஐந்து வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று வெள்ளி சொந்தக்காரருக்கு, ஒரு வெள்ளி நோட்டுப் பார்க்கிறவருக்கு, ஒரு வெள்ளி பழுதுபார்க்கும் பொது நிதிக்கு. திருட்டுப் போனால் முழு நட்டமும் ஒரு வீட்டின் தலையில் விழாமல் அந்தப் பொது நிதி தாங்கும். தனியாகக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். இருக்கிற ஒரே சைக்கிளைப் பணயம் வைக்க ஏழை வீட்டால் முடியாது. இருபது வீடு சேர்ந்தால் முடியும்.

பிணையாக அடையாள அட்டையை வாங்கி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பிறருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம் சட்டம் குறிப்பிடும் அரசு அதிகாரிகளுக்குத்தான் உண்டு, நமக்குக் கிடையாது. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக்கொண்டு, அந்த எண்ணுக்கு அங்கேயே ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட்டு, சிறு முன்பணம் ரொக்கமாக வாங்கி, ரசீது கொடுத்தால் போதும். முன்பணத்தைத் தனிப் பெட்டியில் வையுங்கள். அதில் கை வைத்துச் செலவு செய்ய ஆரம்பித்தால், பிறர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாத நிறுவனங்களின் வழியில்தான் நாமும் போவோம்.

இப்போது சட்டம். இதைச் சொல்லாமல் உங்களை உற்சாகப்படுத்திவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் அடியொற்றி வந்தது. பிறர் பொருளைப் பெற்றுக்கொண்டவர், விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. இது நமக்குச் சாதகம். ஆனால் கொடுப்பவர் மேல் அது வைக்கும் சுமையையும் கேளுங்கள். இலவசமாக இரவல் கொடுத்தால், தெரிந்த குறையை மறைக்காமல் சொல்லிவிட்டால் போதும். வாடகைக்குக் கொடுத்தால் அப்படி இல்லை. சைக்கிளில் இருந்த குறையால் எடுத்தவருக்குத் தீங்கு நேர்ந்தால், அந்தக் குறை எனக்கே தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. மூன்று வெள்ளி வாங்கும் நிமிடத்திலிருந்து பிரேக் நம் பொறுப்பு. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் எல்லாப் பொறுப்பும் நீங்கிவிடும் என்றும் நம்பாதீர்கள்.

ஆகவே சைக்கிள் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் சங்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். நம் தோட்டங்களில் அந்தக் கைத்திறன் இன்னும் சாகவில்லை. வயதானவர்கள் பலருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஹப் கழற்றிப் பூட்டத் தெரியும். அவர்களுக்கு மரியாதையும் கூலியும் கொடுத்து உட்கார வையுங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, சங்கிலி தளர்ந்திருக்கிறதா, ஹேண்டில் ஆடுகிறதா, டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். சைக்கிள் எடுப்பவரின் உயரத்துக்கு ஏற்பச் சீட்டைச் சரிசெய்ய வேண்டும். பிரேக்கைக் கழற்றிவிட்டுப் பாய்ந்து ஓட்டும் லாஜாக் சைக்கிள் எதுவும் நம் வரிசையில் நிற்கக் கூடாது. 2017 பிப்ரவரியில் ஜோகூர் பாருவில் அதிகாலை இருட்டில் சாலையில் இருந்த அப்படிப்பட்ட பையன்கள் எட்டுப் பேர் கார் மோதி இறந்ததை இந்த நாடு மறக்கவில்லை.

எந்த வழியில் அனுப்புவது என்பதிலும் நாம்தான் முடிவு எடுக்க வேண்டும். ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் யாரையும் அனுப்பாதீர்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும் வேகம் உங்களுக்குத் தெரியும். குழந்தையோடு வரும் குடும்பத்துக்கு அது இடமில்லை. மெலாவத்தி மலைச் சரிவும் வேண்டாம். கூடையில் பையை வைத்தால் அங்கே குரங்கு எடுத்துக்கொண்டு போய்விடும். கோல சிலாங்கூர்ப் பட்டணத்திலிருந்து கம்போங் குவாந்தான் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர். உள்வழியாகப் பிற்பகலில் போகலாம், ஆனால் மின்மினி பார்த்துவிட்டு இருட்டில் சைக்கிளில் திரும்புவதற்கு ஒருக்காலும் சம்மதிக்காதீர்கள். பொழுது சாயும் முன் சைக்கிள் திரும்பி வந்துவிட வேண்டும் என்பதை நோட்டின் முதல் வரியாக எழுதி வையுங்கள்.

என் மனதில் இருக்கும் சிறந்த வழி தோட்டத்து வழி. பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா, அங்கே தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் நட்டார். பிறகு அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய மரம் முதலில் வரிசை பிடித்து நின்ற மண் நம் மாவட்டத்தில் இருக்கிறது, அந்த வரிசைகளில் வியர்வை சிந்தியவர்களில் நம் பாட்டன் பாட்டிகள் இருக்கிறார்கள். இதைச் சுற்றுலாப் பயணிக்குச் சொல்ல இன்று யார் இருக்கிறார்கள்? மின்மினியைப் பார்த்துவிட்டு, மீன் சாப்பிட்டுவிட்டு, தோட்டத்துத் தமிழன் ஒருவன் இங்கே வாழ்ந்தான் என்பதே தெரியாமல் திரும்பிப் போகிறார்கள். சைக்கிளோடு ஒரு பெரியவரும் கூடப் போய், பழைய ஸ்டோர் எது, பெரட்டுக் களம் எது, ஆயாக் கொட்டகை எங்கே இருந்தது, கோயிலை யார் கட்டினார்கள் என்று சொன்னால், அந்தப் பயணத்துக்குத் தனி மதிப்பு வரும். வாடகையைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் தோட்டத்துச் செம்மண் பாதைகள் கம்பெனி நிலம். நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் வெளியாரை உள்ளே அனுப்பக் கூடாது. தென்னமரம் இன்று எஸ்டி குத்ரி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2024 வரை சைம் டார்பி பிளாண்டேஷன் என்று நாம் சொல்லிவந்த அதே நிறுவனம். கேட்பதில் தவறில்லை. குலை வெட்டும் நாளில் போகக் கூடாது, லோரி ஓடும் நேரத்தில் போகக் கூடாது என்று அவர்கள் சொல்வார்கள், அது நியாயமும்கூட. வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள் டயரில் ஏறினால் டியூப் அங்கேயே போய்விடும், ஆகவே பஞ்சர் ஒட்டும் சாமானும் பம்பும் இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். அவர்களில் பலர் நடுவில் குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதுதான் காரணம். வாழ்க்கையை நன்றாக அறிந்தவர்கள் எடுக்கும் முடிவு அப்படி இருக்கும். நம் தோட்டப்புறத்திலும் பால் வாளியோடு சைக்கிள் மிதித்த பெண்கள் இருந்தார்கள், இந்த அவையிலும் இருக்கிறார்கள். நோட்டும் பெட்டியும் பெண்கள் கையில் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான். மாலையில் சைக்கிள் திரும்பி வரும்போது அங்கே நிற்பவர் ஒரு அக்காவாகவோ பாட்டியாகவோ இருந்தால், எடுத்தவர் சேற்றைக் கழுவித்தான் கொடுப்பார்.

பெரிய வருமானம் வரும் என்று நான் சொல்லவில்லை. சனி ஞாயிறில் ஒரு சைக்கிள் நான்கு மணி நேரம் ஓடினால் அந்த வீட்டுக்குப் பன்னிரண்டு வெள்ளி. மழைக்காலத்தில் அதுவும் வராது. பிள்ளையின் பள்ளிப் பேருந்துச் செலவில் ஒரு பகுதிக்கு ஆகும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு வெள்ளி யாருடைய தயவிலும் வருவதில்லை, நம் சொந்தப் பொருளிலிருந்து வருகிறது.

கூட்டுறவாகப் பதிய வேண்டுமானால் 1993ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கச் சட்டம் இருக்கிறது, மலேசியக் கூட்டுறவு ஆணையம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டால் வழி சொல்வார்கள். உள்ளூராட்சி மன்றத்தில் வியாபார லைசென்ஸ் எடுக்க வேண்டும். பொதுப் பொறுப்புக் காப்புறுதி பற்றி இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை கேளுங்கள். இவை முடியும் வரை வெளியாருக்குக் கொடுக்காமல், நமக்குள்ளேயே ஒரு வீட்டு சைக்கிளை இன்னொரு வீட்டார் எடுத்து, நோட்டில் எழுதி, திருப்பிக் கொடுத்துப் பழகலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் சைக்கிள் மேல் கிடக்கும் துணியை எடுத்துவிட்டு, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். பிடித்தால் அடுத்த கூட்டத்துக்கு அதிலேயே வாருங்கள். பிடிக்காவிட்டால் தள்ளிக்கொண்டு வாருங்கள், பழுதுபார்க்கத் தெரிந்த பெரியவர்கள் இங்கே இருப்பார்கள்.